புகுந்த வீடும் புகுந்த நாடும்: வாழ்க்கைத்துணைக்கான குடியுரிமைத் தகுதி – செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாட்டின் குடிமகனையோ குடிமகளையோ மணந்து அந்நாட்டில் வாழ வந்தவர் எப்போது அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெறுகிறார் என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. கிழக்கே பிரெஞ்சுப் புதுச்சேரியையும் கடற்கரையில் ஈழத்தமிழர் முகாமையும் அண்டையாகக் கொண்ட செஞ்சி வட்டாரம் இவ்வாய்வின் களமாகக் கொள்ளப்படுகிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு 1955, 1986, 2003 ஆகிய ஆண்டுகளில் பெற்ற மூன்று வடிவங்களும், பிரெஞ்சுச் சட்டத்தின் இணையான மாற்றங்களும் ஒப்பிடப்படுகின்றன. தகுதியின் அளவுகோல் முதலில் கணவனின் நிலையாகவும், பின்னர் காலமாகவும், இறுதியாக நாட்டிற்குள் நுழைந்த விதமாகவும் மாறியது என்பதும், பால்சமத்துவம் காத்திருப்பின் வடிவிலேயே வந்து சேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: செஞ்சி, புதுச்சேரி, குடியுரிமைச் சட்டம் 1955, வாழ்க்கைத்துணை, வசிப்புக்காலம், சட்டவிரோதக் குடியேறி, ஈழத்தமிழ் ஏதிலியர்

முன்னுரை

மணமான பெண் சென்று சேரும் இல்லத்தைத் தமிழ் 'புகுந்த வீடு' என்கிறது. புகுதல் என்னும் ஒரே வினை இடமாற்றத்தையும் உரிமை மாற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. குடும்ப வழக்கில் இவ்விரண்டிற்கும் இடையே காலஇடைவெளி இல்லை. தற்கால அரசு இவ்விரண்டையும் பிரித்து, இடையே ஒரு காலத்தை வைக்கிறது. அக்காலம் எவ்வளவு, அதை எந்நாளிலிருந்து எண்ணுவது, யாருக்கு எண்ணுவது என்பவை வெறும் நடைமுறை வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுக்குச் சட்டம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, திருமணம், பெண், அயலார் ஆகியோரைப் பற்றி அரசு கொண்டிருந்த எண்ணங்களின் வரலாறு புலப்படுகிறது.

குடியுரிமை பற்றிய இந்திய ஆய்வுகள் பெரிதும் பிரிவினைக்கால வடஇந்தியாவையும் அசாமையும் மையமிட்டவை. தமிழகத்தில் இப்பொருள் ஏதிலியர் சிக்கலாகவோ, மலையகத் தமிழரின் நாடற்ற நிலையாகவோ மட்டுமே பேசப்படுகிறது. மணஉறவு வழியான குடியுரிமை தனித்துக் கவனிக்கப்படுவது குறைவு. அந்த இடைவெளியை ஒரு சிறு நிலப்பரப்பின் துணைகொண்டு நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செஞ்சி: வந்தோர் வாழ்ந்த நிலம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் 'மராத்தியப் படைத்தள நிலவமைப்புகள்' என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச்சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. தமிழ் நிலத்துக் கோட்டையொன்று மராத்தியர் பெயரால் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது இவ்வூரின் வரலாற்றுக்கு ஒவ்வாத செய்தியன்று. கோன் மரபினர், விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை இது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1689இல் அவர் மகன் இராஜாராம் முகலாயப் படைக்குத் தப்பி இங்கு வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி தாராபாயும் பின்னர் இங்கு வந்தார். அவர்களின் மகன் இரண்டாம் சிவாஜி 1696இல் பிறந்ததும் செஞ்சியிலேயே.

1698இல் கோட்டை முகலாயர் வசமான பின், புந்தேல இராசபுத்திரர் மரபினர் இதன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். அவர்களுள் தேஜ்சிங் 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்தார். தமிழ்க் கதைப்பாடல் மரபு அவரைத் தேசிங்குராசனாகத் தன்னுடையவராக்கிக்கொண்டது. அவருடன் தீப்பாய்ந்த மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டை அப்பெயர் பெற்றது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

தாராபாய், தேசிங்கின் மனைவி ஆகிய இருவரும் இந்நிலத்துக்கு மணஉறவின் வழியே வந்தவர்கள். அவர்கள் யாருடைய குடிகள் என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை. கணவனின் இடமே மனைவியின் இடம் என்பது அரசமரபிலும் குடிமரபிலும் வினாவுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. பிற்காலத்து ஐரோப்பியச் சட்டங்கள் இதே எண்ணத்தை எழுத்தில் வடித்தன என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

2. கணவன் நிலையே மனைவி நிலை

1750இல் புஸ்ஸியின் தலைமையில் செஞ்சியைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1761 வரை அதனைத் தம்வசம் வைத்திருந்தனர். அதன்பின் செஞ்சி ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டிலும், புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலும் நிலைபெற்றன. எனினும் இரண்டையும் பிணைத்த வழிகள் அறுபடவில்லை. செஞ்சிப் பகுதி மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு புதுச்சேரி மண்ணைக் கடந்தே கடலில் கலக்கிறது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியே கிருட்டினகிரி செல்லும் நெடுஞ்சாலையும் இவ்விரு ஊர்களையும் இணைக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் இன்று காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டவை. மேலும், பிரெஞ்சுப் பகுதி ஒரே தொடர்நிலமாக இல்லாமல் ஆங்கிலேயப் பகுதிகளுக்கிடையே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தது. பல இடங்களில் இரு பேரரசுகளின் எல்லை ஒரு வயல்வரப்பாகவே இருந்தது. இத்தகைய நிலப்பரப்பில் கொள்வினை கொடுப்பினை எல்லை பார்த்து நிகழ்ந்திருக்க இயலாது.

இவ்வெல்லையின் இருபுறத்துச் சட்டங்களும் மணமான பெண்ணைப் பற்றி ஒரே கொள்கையை உடையவை. பிரான்சின் 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 12ஆம் பிரிவு, பிரெஞ்சுக்காரனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் கணவனின் நிலையைப் பின்பற்றுவாள் என்றது. பிரித்தானியாவின் 1914ஆம் ஆண்டு நாட்டினச் சட்டம், பிரித்தானியக் குடியின் மனைவி பிரித்தானியக் குடி என்றும், அயலானின் மனைவி அயலாள் என்றும் கொண்டது. இதன்படி 'எப்போது தகுதி' என்னும் வினாவுக்கு விடை எளிது: மணநாளே தகுதிநாள். காத்திருப்பு இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஆனால் விருப்பமும் இல்லை. ஒரு பெண் தன் பிறந்த நாட்டின் உரிமையை இழப்பதும் அதே நாளில், அதே விதியால் நிகழ்ந்தது. கணவனை இழந்தாலோ கைவிடப்பட்டாலோ, பிறந்த நாட்டிலேயே அயலாளாக நிற்கும் நிலையும் இதனால் நேரக்கூடியதாக இருந்தது.

பிரெஞ்சிந்தியாவில் இக்கொள்கை நேர்க்கோட்டில் செயற்பட்டது எனக் கருதுவதற்கில்லை. அங்குள்ள மக்கள் தத்தம் சமய, சாதி வழக்கின்படியான தனிநபர் சட்டத்தைப் பேணலாம். 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணையின்படி அதனைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் ஏற்கலாம். எனவே எந்த மணம் சட்டப்படியான மணம் என்பதே முதல் வினாவாயிற்று. மணத்தைச் சான்றுப்படுத்தும் இச்சிக்கல் இன்றைய விண்ணப்பங்கள் வரை தொடர்கிறது.

3. 1955: பெண்களுக்கு மட்டும் திறந்த கதவு

இந்திய அரசமைப்பின் இரண்டாம் பகுதி, அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது யார் குடிமக்கள் என்பதை மட்டும் வரையறுத்தது. பிற்காலத்தில் குடியுரிமை பெறுவதற்கும் இழப்பதற்குமான விதிகளை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு விடப்பட்டது. அவ்வதிகாரத்தின்படி இயற்றப்பட்ட 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியக் குடிமக்களை மணந்துள்ள, அல்லது முன்னர் மணந்திருந்த பெண்கள் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம் என 5(1)(சி) பிரிவில் வகை செய்தது.

இப்பிரிவில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, தானாகவே குடியுரிமை மாறும் பழைய முறை கைவிடப்பட்டது. பெண் விண்ணப்பிக்க வேண்டும்; எனவே அவள் விருப்பம் சட்டத்தில் இடம்பெற்றது. இரண்டாவது, வசிப்புக்காலம் எதுவும் கேட்கப்படவில்லை. மணமான மறுநாளே ஒருத்தி விண்ணப்பிக்கும் தகுதி பெற்றாள். மூன்றாவது, 'முன்னர் மணந்திருந்த' என்னும் தொடரால் கைம்பெண்ணும் மணமுறிவு பெற்றவளும் இப்பிரிவுக்குள் அடங்கினர். ஆயினும் இது தகுதியே அன்றி முழுமையான உரிமையன்று. பதிவு செய்யும் அதிகாரி பதிவு செய்யலாம் என்றே சட்டம் கூறியது.

இத்தாராளத்தின் மறுபக்கம் ஆண் துணையின் நிலையில் தெரிகிறது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு இப்பிரிவில் இடமே இல்லை. அவன் வேறெந்த அயலாரையும் போல நீண்ட வசிப்பைக் காட்டி 6ஆம் பிரிவின்வழி விண்ணப்பிக்க வேண்டும். கணவன் இல்லத்துக்கு மனைவி வருவாள், மனைவி நாட்டுக்குக் கணவன் வருவதில்லை என்னும் எடுகோள் இதன் அடியில் உள்ளது. அயல்நாட்டில் பிறந்த குழந்தைக்கு மரபுவழிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே கிட்டியது என்பதும், தாய்வழி மரபு 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே ஏற்கப்பட்டது என்பதும் இதே எடுகோளின் விளைவுகள். எனவே 1955ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குக் காட்டிய சலுகை, பெண்ணை முழுக் குடிமகளாக மதித்ததன் விளைவன்று. குடிமகனின் மனைவியாக மதித்ததன் விளைவே.

4. 1986, 2003: சமத்துவமும் காத்திருப்பும்

1986ஆம் ஆண்டுத் திருத்தம் 'பெண்கள்' என்னும் சொல்லை நீக்கி, 'நபர்கள்' என்னும் சொல்லை இட்டது. இந்தியப் பெண்ணின் அயல்நாட்டுக் கணவனும் இதனால் தகுதி பெற்றான். அதே திருத்தம், அதே பிரிவில், விண்ணப்பத்துக்கு முன் ஐந்தாண்டுகள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்த்தது. ஆணுக்குப் புதிதாகக் கிடைத்த வாயில், பெண்ணுக்கு முன்னரே இருந்த வாயிலைவிடக் குறுகியது. இருவரும் இப்போது சமமாகக் காத்திருக்க வேண்டியவர்கள் ஆயினர்.

இம்மாற்றத்தின் பின்னணி பால்சமத்துவ விவாதம் அன்று. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலியர் தமிழகக் கரையை அடைந்துகொண்டிருந்தனர். அசாம் உடன்படிக்கை 1985இல் கையெழுத்தாயிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டவரைவின் நோக்க அறிக்கை, வங்கதேசம், சில ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுடன் இலங்கையையும் பெயர் சுட்டியே குடியுரிமை விதிகளை இறுக்க வேண்டிய தேவையைக் கூறியது. இந்திய மண்ணில் பிறந்ததனாலேயே குடியுரிமை கிட்டும் நிலையும் இச்சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 1987 ஜூலை 1ஆம் நாள் முதல் பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. வரவைக் குறைக்க எழுந்த ஒரு சட்டத்தின் உள்ளே வாழ்க்கைத்துணைகளுக்கு இடையிலான சமத்துவம் இடம்பெற்றது என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும்.

2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2004 டிசம்பர் 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அது ஐந்தாண்டை ஏழாண்டாக்கியது. இன்றுள்ள விதியின்படி விண்ணப்பத்திற்கு உடனடி முந்தைய பன்னிரண்டு மாதங்கள் முழுவதும் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வசித்திருக்க வேண்டும். அதாவது ஒன்பது ஆண்டு எல்லைக்குள் ஏழு ஆண்டு வசிப்பு. எடுத்துக்காட்டாக, 2018 சனவரி முதல் நாளிலிருந்து இடையறாது இந்தியாவில் வசிப்பவர் 2025 சனவரித் தொடக்கத்தில் இந்நிபந்தனையை நிறைவு செய்கிறார். இறுதிப் பன்னிரண்டு மாதத்தில் நேரும் இடைவெளிகளைச் சிறப்புச் சூழல்களில் முப்பது நாள் வரை மன்னிக்கும் அதிகாரத்தை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசுக்கு வழங்கியது.

ஏழாண்டு என்பது மணவாழ்வின் நீளமன்று. இந்திய மண்ணில் வசித்த காலத்தின் நீளம். பொதுவழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்படுகின்றன. ஆனால் சட்டவாசகம் விண்ணப்பத்தின்போது மணமானவராக இருத்தலையும், அதற்கு முன் ஏழாண்டு வசித்திருத்தலையும் தனித்தனியே கேட்கிறது. ஏற்கெனவே பல ஆண்டுகள் முறைப்படி இந்தியாவில் வசித்த ஒருவர் பின்னர் ஓர் இந்தியரை மணந்தால், அவரது வசிப்புக்காலம் மணநாளில் புதிதாகத் தொடங்குவதில்லை. மாறாக, இருபது ஆண்டு மணவாழ்வு அயல்நாட்டில் கழிந்திருந்தால் அது இக்கணக்கில் சேர்வதில்லை.

2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு மாற்றமும் உண்டு. 1955லும் 1986லும் இருந்த 'முன்னர் மணந்திருந்த' என்னும் பொருள்தரும் தொடர் நீக்கப்பட்டு, 'மணந்துள்ள நபர்' என்பது மட்டும் எஞ்சியது. ஏழாண்டு நிறைவதற்குள் துணையை இழந்தவர் இப்பிரிவின் நேர்ப்பொருளுக்குள் அடங்குவதில்லை. காத்திருப்புக்காலம் நீண்டதும், காத்திருப்பின் இடையே துணை மறைந்தால் இருந்த பாதுகாப்பு நீங்கியதும் ஒரே திருத்தத்தில் நிகழ்ந்தன. இவற்றை இணைத்துப் படிக்கும்போதே இழப்பின் அளவு விளங்கும்.

வெளிநாட்டுக் குடிமை கொண்ட துணைக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமை அட்டை மற்றொரு வழியாக உள்ளது. 2015ஆம் ஆண்டு முதல், பதிவு செய்யப்பட்ட மணம் இரண்டாண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இங்கு மட்டும் எண்ணப்படுவது மணத்தின் காலம். ஆயினும் இவ்வட்டை வாக்குரிமை அளிப்பதில்லை. பெயரில் குடிமை இருப்பினும் இது குடியுரிமையன்று.

5. புதுச்சேரி வழியே பிரெஞ்சுச் சட்டம்

இதே காலத்தில் செஞ்சிக்குக் கிழக்கே இன்னொரு சட்டமும் தமிழ்க் குடும்பங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அங்குப் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றாயிற்று. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு அறிவித்தனர். அவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இன்றும் புதுச்சேரியிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். இவர்களுக்குத் தமிழகத்தில் பெண் கொண்டாலும் கொடுத்தாலும், அதே வீட்டில் இரு நாட்டுச் சட்டங்கள் குடியேறின.

பிரான்சில் 1945ஆம் ஆண்டு நாட்டினத் தொகுப்பின்படி, பிரெஞ்சுக்காரனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் மணத்தாலேயே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றாள். 1973 சனவரி 9ஆம் நாளைய சட்டம் இதனை மாற்றி, ஆண், பெண் இருபாலாரும் அறிவிப்பின் மூலம் குடியுரிமை பெறலாம் என்றது, காத்திருப்புக்காலம் விதிக்கவில்லை. ஆக, சமத்துவமும் விருப்பமும் காத்திருப்பின்றி ஒருங்கே கிடைத்த ஒரு குறுகிய காலம் அங்கு இருந்தது. அக்காலம் பதினொரு ஆண்டுகளே நீடித்தது. 1984இல் ஆறு மாதமும், 1993இல் இரண்டு ஆண்டும் காத்திருப்பாக விதிக்கப்பட்டன. 1998இல் அது ஓராண்டாகக் குறைந்து, 2003இல் மீண்டும் இரண்டு ஆண்டாயிற்று. 2006 ஜூலை 24ஆம் நாளைய சட்டம் அதனை நான்கு ஆண்டாக்கியது. மணத்துக்குப் பின் பிரான்சில் மூன்றாண்டு தொடர்ந்து வசிக்காதவராயின், பிரெஞ்சுத் துணை அயல்நாடு வாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தாலன்றி, அது ஐந்தாண்டு. குடியுரிமைக்காகவே செய்யப்படும் பொய்மணம் பற்றிய ஐயமே இவ்வுயர்வுகளுக்குத் தொடர்ந்து கூறப்பட்ட காரணமாகும்.

இங்கு எண்ணப்படுவது மணநாளிலிருந்து கழிந்த காலம். மணம் அயல்நாட்டில் நடந்திருந்தால் அது பிரெஞ்சுக் குடிநிலைப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். இல்வாழ்வு முறிவின்றித் தொடர வேண்டும். பிரெஞ்சு மொழியறிவும் வேண்டும். செஞ்சியில் ஒரு திருமண மண்டபத்தில் நடைபெறும் மணத்துக்குப் புதுச்சேரித் துணைத் தூதரகத்தின் பதிவேடு இன்றியமையாததாவது இவ்வாறே. மேலும், அவ்வழியே பிரெஞ்சுக் குடியுரிமை பெறும் இந்தியர், இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். ஆயின் 1945க்கும் 1973க்கும் இடையே மணத்தாலேயே பிரெஞ்சு நாட்டினராக்கப்பட்ட இந்தியப் பெண் 'தன்விருப்பத்தால்' அதனைப் பெற்றாள் எனக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரிய வினா. மணத்துக்கு அவள் இசைந்தாள். குடியுரிமை மாற்றம் குறித்து அவளைச் சட்டம் வினவவில்லை.

இரு நாட்டு வரலாறுகளும் வழியில் வேறுபட்டு முடிவில் ஒன்றுபடுகின்றன. பிரான்சில் சமத்துவம் முன்னும் காத்திருப்பு பின்னும் வந்தன. இந்தியாவில் இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தன. இரு நாடுகளிலும் கணவனின் நிலை விட்டுச்சென்ற இடத்தைக் காலம் நிரப்பியது.

6. ஏழாண்டு எந்நாளில் தொடங்குகிறது?

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழருக்கான முகாம் உள்ளது. தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. 2021இல் மாநில அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. முகாமில் உள்ளோரும் சுற்றியுள்ள ஊராரும் ஒரே மொழியினர். நாற்பதாண்டுகள் அருகருகே வாழ்ந்தவர்களிடையே மணஉறவு ஏற்படுதல் இயல்பு. ஏழாண்டு வசிப்பு என்பதே அளவுகோலாயின், இவ்வாறு மணந்த ஏதிலியருள் மிகப் பலர் அதனைப் பன்மடங்கு கடந்தவர்கள்.

ஆனால் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ஏழாண்டோடு மற்றொன்றையும் சட்டத்தில் புகுத்தியது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி நுழைந்தவரும், இசைவுக்காலம் கடந்து தங்கியவரும் 'சட்டவிரோதக் குடியேறி' என வரையறுக்கப்பட்டனர். பதிவின் மூலம் குடியுரிமை பெறும் 5ஆம் பிரிவே அவர்களுக்கு அடைக்கப்பட்டது. போர்க்காலத்தில் படகேறி இராமேசுவரம் வந்தவர் கடவுச்சீட்டோடு வரவில்லை. அவர் பின்னர் முறைப்படி பதிவு செய்யப்பட்டார். அரசின் அறிவோடு, அரசு அமைத்த முகாமில், அரசின் உதவித்தொகை பெற்று வாழ்கிறார். எனினும் நுழைந்த நாளின் குறை வாழ்ந்த ஆண்டுகளால் நீங்குவதில்லை. வாழ்க்கைத்துணைக்கான விண்ணப்பத்தோடு செல்லத்தக்க அயல்நாட்டுக் கடவுச்சீட்டு, வசிப்பிசைவு, துணையின் இந்தியக் குடியுரிமைச் சான்று, மணப்பதிவுச் சான்று ஆகியவற்றின் படிகள் கேட்கப்படுகின்றன. ஏதிலியர் பலருக்கு முதலிரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணப்பதிவு கட்டாயமாவதற்கு முன் உற்றார் முன்னிலையில் தாலி கட்டி மணந்த பலருக்கு நான்காவதும் எளிதில் கிட்டுவதன்று.

இதன் விளைவு துணையோடு நிற்பதில்லை. 2004 டிசம்பர் 3ஆம் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தை குடியுரிமை பெற, பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் குழந்தை பிறந்தபோது சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். தந்தை தலைமுறை தலைமுறையாகச் செஞ்சியில் வாழ்ந்த குடும்பத்தவர். தாய் சிறுமியாகப் படகில் வந்தவர். இவர்களின் குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை போதாது. தாய் நுழைந்த விதமே அதன் நிலையை ஐயத்துக்குள்ளாக்குகிறது. கணவனின் நிலை மனைவியை உயர்த்திய பழைய விதி தலைகீழாகி, மனைவியின் நுழைவு கணவனின் குழந்தையையும் தொடும் விதியாயிற்று.

நீதிமன்றங்கள் இச்சிக்கலைச் சில கோணங்களில் அணுகியுள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2019 ஜூனில் அளித்த தீர்ப்பில், இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழ் மனுதாரர்களின் நெடுங்கால முகாம் வாழ்வைக் கருதி, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வழி செய்தது. 2022இல் அதே அமர்வு, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என ஏற்றது. அவர் 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் பிறந்தவர் என்பதே அதற்கு அடிப்படை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானித்தான், வங்கதேசம், பாகித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தாரைச் சட்டவிரோதக் குடியேறி என்னும் வரையறையிலிருந்து விலக்கியது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2015 சனவரி 9ஆம் நாள் வரை தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்மை தொடர்பான நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனையிலிருந்து விலக்கு பெறுதல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெறுதல் ஆகாது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயினும் இவ்விலக்கு, நுழைவின் குறையை அரசே பொறுத்தருளத்தக்கதாகக் கருதியதன் சான்றாகும். வாழ்க்கைத்துணைகளைப் பொறுத்தவரை 5(1)(சி) பிரிவுக்கும் இதனை நீட்டிப்பதற்கு இது தொடக்கமாக அமையலாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, வாழ்க்கைத்துணையின் குடியுரிமைத் தகுதி மூன்று அளவுகோல்களைக் கடந்துவந்துள்ளது. காலனியச் சட்டங்களில் கணவனின் நிலையும், 1986 முதல் வசிப்புக்காலமும், 2003 முதல் அக்காலத்தோடு நுழைவின் முறைமையும் அளவுகோல்களாயின. 1955ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. கணவனின் நிலையை அடிப்படையாகக் கொண்டே பெண்ணின் விருப்பத்துக்கு இடமளித்தது.

இரண்டாவதாக, ஆண், பெண் துணைகளுக்கிடையிலான சமத்துவம் பெண்ணுக்கு இருந்த தகுதியை ஆணுக்கும் விரிப்பதாக அமையவில்லை. இருவரையும் ஒரே காத்திருப்பில் நிறுத்துவதாக அமைந்தது.

மூன்றாவதாக, 'ஏழாண்டு' என்னும் எண் மட்டும் தகுதியை விளக்கப் போதுமானதன்று. கடவுச்சீட்டோடு வந்தவருக்கு அது எண்ணித் தீரும் காலம். படகில் வந்தவருக்கு அக்கணக்கு தொடங்குவதே இல்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே மொழி பேசும் குடும்பங்களுக்கு மருமக்களாக வந்த இருவரைச் சட்டம் இவ்வளவு வேறுபடுத்துகிறது.

நுழைவுக்குப் பின் அரசே பதிவு செய்து பேணிவரும் ஒருவரின் வசிப்பை, இந்தியரை மணந்தவர் என்னும் நிலையிலேனும், சட்டபூர்வ வசிப்பாக எண்ணுதல் வேண்டும். காத்திருப்பின் இடையே துணையை இழந்தவருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பாதுகாப்பை மீட்டளித்தல் வேண்டும். இவ்விரு திருத்தங்களுக்கும் முன்னுதாரணம் அயலகத்தில் தேட வேண்டியதில்லை. இரண்டாவதற்குரியது இந்தியச் சட்டத்தின் பழைய வாசகத்திலேயே உள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் உள்ள குடியுரிமை விண்ணப்பக் கோப்புகளும் புதுச்சேரியின் குடிநிலைப் பதிவேடுகளும் இணைத்து ஆராயப்படுமாயின், இங்குச் சட்டவாசகத்தின் வழி காட்டப்பட்ட வரலாறு மக்களின் வாழ்க்கைவழியும் எழுதப்படக் கூடும். அது அடுத்தகட்ட ஆய்வுக்குரியது.